குடிவந்தோரும் கடற்கரையும்: வடசென்னையின் ஓய்விடங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

கானல் என்னும் சொல்லை இன்றைய மாணவர்கள் கானல்நீர் என்னும் தொடரில் மட்டுமே அறிவர். கடற்கரைச் சோலைக்குச் சங்கப் புலவர்கள் இட்ட பெயர் அது என்று நெய்தல் திணையை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் விளக்க வேண்டியிருக்கிறது. புன்னையும் ஞாழலும் தாழையும் செறிந்த நிழல், அதன் அடியில் வெண்மணல், மணலில் வண்டல் இழைத்து விளையாடும் மகளிர் என்று நான் சொல்லிக்கொண்டே போனபோது, திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "கடலோரத்துல கருங்கல்லுதானே மேடம் இருக்கும்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் கேட்டதில் பிழையில்லை. அவள் பிறந்தது முதல் கண்ட கரை அதுதான். அவ்வினாவிலிருந்து எழுந்ததே இக்கட்டுரை.

வடசென்னை, பிழைக்க வந்தவர்கள் கட்டிய ஊர். இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் இந்தப் பட்டையில் முந்நூறு ஆண்டுகளாக மக்கள் குடியேறிக்கொண்டே இருக்கின்றனர். அவர்கள் செய்த வேலையைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது. வாங்கிய கூலி, நடத்திய வேலைநிறுத்தம் ஆகியன பற்றியும் நூல்கள் உண்டு. வேலை முடிந்த மாலையிலும், விடுமுறை நாளிலும் அவர்கள் எங்கே சென்று அமர்ந்தனர், குழந்தைகளை எங்கே விளையாட விட்டனர் என்பதே ஈண்டு என் நோக்கம். இது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆயின் ஓர் ஊரில் ஒருவன் குடியிருக்கிறானா, வெறுமனே தங்கியிருக்கிறானா என்பதை இவ்வினாவே காட்டிவிடும்.

நம் பகுதிக்குக் குடிவந்தோர் வரலாற்றைப் பெரியபுராணத்திலிருந்தே தொடங்கலாம். ஞாயிறு என்னும் ஊரில் பிறந்த சங்கிலியார் திருவொற்றியூருக்கு வந்து கன்னிமாடத்தில் தங்கி, கோயிலுக்குப் பூமாலை தொடுத்துக் கொண்டிருந்தவர். திருவாரூரிலிருந்து வந்த சுந்தரர் அவரைக் கண்டு காதலித்தார். மணத்துக்கு முன் சங்கிலியார் பெற்ற உறுதிமொழி, 'இவ்வூரை விட்டு நீங்கேன்' என்பது. மகிழ மரத்தடியில் அச்சூளுறவு நடந்தது. இன்றும் ஒற்றியூர்க் கோயிலில் மகிழடி சேவை விழாவாக நடைபெறுகிறது. ஆனால் தென்றல் வீசிய இளவேனிற் பருவத்தில் சுந்தரருக்குத் திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வந்தது. சூளை மறந்து புறப்பட்டார். ஊரெல்லையைக் கடந்ததும் கண்ணொளி இழந்தார் என்கிறார் சேக்கிழார். சைவர்கள் இதனைத் திருவருட் செயலாகக் கொள்வர். வரலாற்று நோக்கில் எனக்குப் படுவது வேறு. வந்த ஊரில் அவருக்கு மனைவி இருந்தார், கோயில் இருந்தது, மதிப்பு இருந்தது. அவரைத் திரும்ப இழுத்தது சொந்த ஊரின் திருவிழாக் காலம். பிழைக்க வந்தவர் எவரைக் கேட்டாலும் இதையே சொல்வர். வேலை நாள்களில் ஊர் நினைவு வருவதில்லை, விடுமுறையில்தான் வரும்.

பட்டினத்தாரும் வெளியூரிலிருந்து வந்தவரே. காவிரிப்பூம்பட்டினத்தின் பெருவணிகர் அனைத்தையும் துறந்து அலைந்து, இறுதியில் ஒற்றியூர்க் கடற்கரையை அடைந்தார். அங்கே சிறுவர்களோடு மணலில் விளையாடினார் என்றும், தம்மை மூடச் சொல்லி வேறோரிடத்தில் தோன்றி அவர்களை வியக்கச் செய்தார் என்றும், அவ்விளையாட்டின் முடிவிலேயே இலிங்க வடிவானார் என்றும் கதை வழங்குகிறது. ஒரு துறவியின் முடிவு மணல் விளையாட்டில் நிகழ்ந்ததாகச் சொல்லும் கதை தமிழில் வேறு உண்டா என்று தெரியவில்லை. இக்கதையைப் புனைந்தவர் யாராயினும், விளையாடுவதற்குப் போதிய மணல் ஒற்றியூர்க் கரையில் இருந்தது என்பதை மட்டும் அறிந்தவர்.

புராணத்தை விட்டு ஆவணங்களுக்கு வருவோம். 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், துணி நெய்வோரையும் அதில் ஓவியம் தீட்டுவோரையும் குடியேற்ற ஒற்றியூருக்கு அருகில் ஒரு பேட்டையை நிறுவினார். காலெட்பேட்டை மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. இன்று மெட்ரோ நிலையத்தின் பெயர்ப்பலகையிலும் அப்படியே எழுதியிருக்கிறது. குடியேறிய நெசவாளர்க்கு வீடும் கோயிலும் அமைந்தன; கல்யாண வரதராசப் பெருமாள் கோயில் இன்றும் இருக்கிறது. கோயிலே அவர்களுக்குச் சோலை, குளம், கூடுமிடம் எல்லாமாக இருந்தது. அக்காலத்தில் பூங்கா என்ற தனி ஏற்பாடு எளியோர்க்குத் தேவைப்படவில்லை எனலாம்.

ஐரோப்பியர்க்குத் தேவைப்பட்டது. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை காக்ரேன் பெயரால் ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. பின்னர் வடக்கும் தெற்கும் நீண்டு, 1876–78 பஞ்சத்தில் பசித்தவர்களின் உழைப்பால் இணைக்கப்பட்டு, பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது அதுவே. விறகும் உப்பும் ஏற்றிய படகுகளோடு, ஓய்வு நாடிய துரைமார்களின் படகுகளும் அதில் சென்றன. எண்ணூர்க் கழிமுகத்தில் படகோட்டுவதும் மீன்பிடிப்பதும் அவர்களுக்கு விருப்பமான பொழுதுபோக்குகள். எண்ணூர் ஒரு காலத்தில் சென்னையின் ஓய்விடம் என்று இன்று சொன்னால் நம் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

1856 சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கி முதல் இரயில் புறப்பட்டது. அதன்பின் உள்நாட்டு மக்கள் சென்னைக்கு வந்து சேர்வது எளிதாயிற்று. மூன்றாண்டுகள் கழித்து, 1859இல் ஆளுநராக வந்த சார்லசு டிரெவிலியன், நகரத்து மக்களுக்கென ஒரு பெரும் பூங்காவை உருவாக்கத் திட்டமிட்டார். இன்றைய சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி 116 ஏக்கரில், பதினொரு குளங்களோடு, 'மக்கள் பூங்கா' எழுந்தது. பெயரே நோக்கத்தக்கது. கோட்டைக்குள் இருந்தோர்க்கு வேறு தோட்டங்கள் இருந்தன; இது கறுப்பர் நகரத்தாருக்கு. அதற்குள் விலங்குக்காட்சிசாலையும் வந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குக்காட்சிசாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் மக்கள் அழைத்தனர். நாட்டுப்புறத்திலிருந்து வந்தவன் சென்னையைக் கண்டதற்குச் சான்று, இரண்டு காலேஜையும் பார்த்துவிட்டேன் என்று ஊரில் சொல்வதாயிருந்தது. கல்லூரியில் பணிபுரியும் எனக்கு இவ்விரு பெயர்களிலும் தனிச்சுவை உண்டு.

அப்பூங்காவில் ஆண்டிறுதியில் பெரிய கண்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31 அன்று அங்கே தீப்பற்றியது. நானூறு பேருக்கு மேல் மாண்டனர். மகிழ வந்த கூட்டம் ஒரே மாலையில் பிணக்குவியலானது சென்னையை நெடுங்காலம் உலுக்கியது. அதன் பிறகு பூங்காவை அழித்தது தீயன்று, கட்டடங்களே. விக்டோரியா மண்டபம், 1900இல் திறந்த மூர் மார்க்கெட், 1913இல் திறந்த ரிப்பன் மாளிகை, பின்னர் விளையாட்டரங்கம், இரயில்வேக்கான இடங்கள் என ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய நிலத்தை எடுத்துக்கொண்டது. ஒவ்வொன்றும் பொதுநன்மைக்கானதே என்று வாதிடலாம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே ஆண்டில் உயிர்க் காலேஜ் வண்டலூருக்குப் போயிற்று. வடசென்னையின் ஏழைக் குடும்பம் கால்நடையாகச் சென்று பார்க்கக்கூடிய யானையும் சிங்கமும் நகரின் தென்கோடிக்கு அப்பால் குடிபெயர்ந்தன. மிஞ்சியது மை லேடீஸ் பூங்கா என்னும் சிறு துண்டு.

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையின் நடுப்பகுதி. நம் கரையின் மணல் எங்கே போயிற்று?

சோழமண்டலக் கரையில் கடல் சும்மா இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்லும். வடகிழக்குப் பருவத்தில் ஓரளவு திருப்பித் தள்ளும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டுதோறும் பெருமளவு மணல் வடக்கு நோக்கியே நகர்கிறது. ஒரு கரை தேயாமல் இருப்பதற்குக் காரணம், போகும் மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து புதுமணல் வந்துகொண்டிருப்பதே. 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகத்துக்கான கற்கரங்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. 1881 நவம்பர் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். கடலுக்குள் நீண்ட அக்கரங்கள் வடக்கே செல்லும் மணலை மறித்தன. மறிக்கப்பட்ட மணல் துறைமுகத்தின் தென்புறத்தில் குவிந்தது. குவிந்து குவிந்து கரை அகன்றது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். உலகின் நெடிய கடற்கரைகளுள் ஒன்று என்று நாம் பெருமை பேசும் அவ்வகன்ற மணல்வெளி, துறைமுகத்தின் பக்கவிளைவாக வளர்ந்தது.

வடபுறத்தில் நடந்தது அதன் மறுபக்கம். வரவேண்டிய மணல் வரவில்லை. போகும் மணல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கரை அரிக்கப்பட்டது. குப்பங்களில் வீட்டு வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குள் சென்றன. தடுக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கல் கொட்டிய இடத்தில் தப்பிய அரிப்பு அதற்கு வடக்கே தாக்கியது. பின்னர்த் தூண்டில் வளைவுகள் அமைத்தனர். பெரிய தூண்டில் முள்ளைப் போல் கடலுக்குள் வளைந்து நிற்கும் கற்சுவருக்கு மீனவர் வழங்கும் இப்பெயரைவிடப் பொருத்தமான கலைச்சொல்லை எந்தக் குழுவாலும் ஆக்கியிருக்க முடியாது. வளைவுகளுக்கு இடையே சிற்சில இடங்களில் மணல் மீண்டும் சேர்ந்திருக்கிறது. ஆனால் மொத்தக் கணக்கு மாறவில்லை. நம் பிள்ளைகள் விளையாடியிருக்க வேண்டிய மணலின் மேல்தான் மெரினாவின் சுண்டல் கடைகள் நிற்கின்றன. இதைச் சொல்வதில் எனக்குத் தென்சென்னையார் மீது காழ்ப்பு ஏதுமில்லை. யாரும் திட்டமிட்டுத் திருடியதன்று. துறைமுகம் கட்டியவர்கள் கப்பலை எண்ணினார்கள், குப்பத்தை எண்ணவில்லை. ஆனால் அத்துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் குடியிருந்தது வடபுறத்தில். அவர்கள் உழைப்பால் வளர்ந்த துறைமுகமே அவர்கள் வீட்டுக் கரையை உண்டது.

இருபதாம் நூற்றாண்டில் ஆலைகள் வந்தன. 1923இல் சுவீடன் நாட்டு முதலீட்டில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி இங்கே தீப்பெட்டித் தொழிற்சாலை நிறுவியது. அதன் ஆங்கில முதலெழுத்துகளே விம்கோ. ஒரு கம்பெனியின் பெயர்ச்சுருக்கம் ஒரு நகருக்கும் இரயில் நிலையத்துக்கும் பெயராகி நிலைத்தது. 1946இல் கேரளத்தவரான மம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கினார். அதுவே பிற்காலத்தில் டயர் செய்யும் எம்.ஆர்.எப். ஆயிற்று. இங்கே உருவான பெருந்தொழில் ஒன்றின் முதற்பொருள் குழந்தைகள் கையில் பிடித்தோடும் பலூன் என்பதை நினைக்கும்போதெல்லாம் புன்னகை வரும். 1948இல் எண்ணூரில் மோட்டார்த் தொழிற்சாலை, 1955இல் ஒற்றியூரில் என்ஃபீல்டு என வரிசை நீண்டது. ஆந்திரத்திலிருந்தும், கேரளத்திலிருந்தும், நெல்லைச் சீமையிலிருந்தும் ஆட்கள் வந்தனர்.

அவ்வாறு வந்தவருள் ஒருவர் என் தந்தையார். தாமிரபரணிக் கரையிலிருந்து வந்து இப்பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். எண்பதுகளின் இறுதியில், ஞாயிறு மாலைகளில் எங்களை மெரினாவுக்கு அழைத்துச் செல்வார். "பக்கத்துலயே கடல் கெடக்கு, ரெண்டு பஸ் மாறிப் போவணுமாக்கும்?" என்று அம்மா கேட்பார். "இங்கன எங்க உக்காரது? கல்லு மேலயா?" என்பார் அப்பா. திரும்பும்போது தம்பி தூங்கிவிடுவான். அவனைத் தோளில் சுமந்துகொண்டு அப்பா கூட்டத்தில் நின்றே வருவார். மறுநாள் விடியலில் அவருக்கு முதல் ஷிப்டு. கடலோரத்தில் குடியிருந்துகொண்டு கடற்கரைக்குப் பயணம் போன குடும்பங்கள் எங்களைப் போல் எத்தனையோ.

சாலைப் பெயர்களில் மட்டும் வடசென்னைக்குத் தோட்டங்களுக்குக் குறைவில்லை. சிங்காரத் தோட்டம், கிரேஸ் கார்டன் என்று பழைய வண்ணாரப்பேட்டையிலும் இராயபுரத்திலும் தெருக்கள் உண்டு. மரம் தேட வேண்டும். உண்மையான பூங்காக்களுள் புகழ்பெற்றது ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், அண்ணாவும் தோழர்களும் திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதற் பொதுக்கூட்டத்தை அங்கே நடத்தினர். இன்று அது அறிஞர் அண்ணா பூங்கா. அதற்கும் கால் நூற்றாண்டுக்கு முன், 1923 மே 1 அன்று, மீனவர் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களைச் சென்னைக் கடற்கரையிலேதான் கூட்டினார். எட்டு மணி வேலை என்ற கோரிக்கைக்குள் ஓய்வு நேரமும் அடங்கியிருந்தது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஓய்வு நேரம் கிடைத்தது, ஓய்விடம் கிடைக்கவில்லை.

அறுபதுகளில் பர்மாவிலிருந்து தமிழர்கள் திரும்பினர். திரும்பினர் என்பது அரசின் சொல். பலர் அங்கேயே பிறந்தவர்கள், அவர்களுக்கு இது புதிய நாடு. வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் கொண்டு வந்தவற்றுள் அத்தோவும் மொகிங்காவும் இன்று ஊரறிந்த உணவுகள். அவ்வளவு அறியப்படாதது சின்லோன். பிரம்பால் பின்னிய பந்தைக் கை படாமல் காலாலும் முழங்காலாலும் தட்டித் தரையில் விழாமல் வட்டமாக நின்று ஆடுவது. இதில் எதிரணி இல்லை. வெற்றி தோல்வி இல்லை. ஆறு பேர் நிற்க இடம் இருந்தால் போதும். பெரிய திடல் வாய்க்காத மக்கள் இவ்வாட்டத்தை விடாது பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

இடம் சுருங்கியபோதெல்லாம் வடசென்னை விளையாட்டையும் அதற்கேற்பச் சுருக்கிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. வியாசர்பாடியின் கால்பந்தும், சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகளின் குத்துச்சண்டையும் நகரறிந்தவை. இடமே இல்லாதவர்கள் தெருவோரத்தில் கேரம் பலகையை வைத்தனர். புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். மாடியில் நின்று காற்றாடி விட்டவர்களும் உண்டு. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் வழிப்போக்கரின் கழுத்தை அறுத்து உயிர் குடித்ததால் அந்நூல் தடை செய்யப்பட்டது. தடை சரியே. ஆயினும் வெட்டவெளி இருந்த ஊரில் காற்றாடி சாலைக்கு மேல் பறந்திருக்காது.

எண்ணூர்க் கழிமுகத்தின் கதை இன்னும் துயரமானது. 1970இல் அங்கே அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வேறு நிலையங்களும் துறைமுகங்களும் சுற்றிலும் வந்துவிட்டன. கொசத்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகம் எங்கும் பரவியது. வலைகளும் படகுகளும் கருத்தன, கூழைக்கடாக்களின் இறகுகளில் எண்ணெய் ஒட்டியது. துரைமார் தூண்டிலிட்ட நீர் அது. இன்றும் அதில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் பெண்கள் இருக்கின்றனர்.

ஆகவே நம்மவர் இன்னும் வடக்கே போகின்றனர். பொன்னேரிக்கு இரயிலேறி, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு. 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த ஏரிக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். அவையும் வெளியூரிலிருந்து வருபவையே. 2011 டிசம்பர் 25 அன்று, விடுமுறையைக் கழிக்க வந்த குடும்பங்கள் ஏறிய படகு அங்கே கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1886க்கும் 2011க்கும் இடையே நூற்றிருபத்தைந்து ஆண்டுகள். இரண்டும் டிசம்பர் மாத இறுதியில், ஆண்டுக்கொரு நாள் மகிழ வந்த எளிய மக்களுக்கு நேர்ந்தவை. செல்வர்க்கு ஓய்வு பல நாள்களில் பிரிந்து கிடைக்கிறது. எளியவர்க்கு ஒரே நாளில், ஒரே படகில்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீண்டது. இப்போது வடமாநில இளைஞர்கள் நம் தெருக்களில் நிறைந்திருக்கிறார்கள். ஒடிசா, பீகார், வங்காளம் என்று ஊர் சொல்கிறார்கள். என் தந்தையார் வந்த வயதில்தான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கருங்கற்கள் மேல் வரிசையாக அமர்ந்து கைப்பேசியில் ஊருக்குப் பேசுவதைக் காணலாம். அண்மையில் ஒரு மாலை, எண்ணூர் நெடுஞ்சாலையோரமாக நடந்துகொண்டிருந்த என்னிடம் அவர்களுள் ஒருவன் வந்து, "அக்கா, பீச் எங்க?" என்று கேட்டான். கடல் அவனுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் கற்களில் மோதிக்கொண்டிருந்தது. திரும்பிக் காட்டினேன். அவன் தலையாட்டி, "இது இல்ல அக்கா, மணல்... மணல்" என்று கையால் பரப்பிக் காட்டினான்.

மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடக்கச் சொன்னேன். நிலையத்தின் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான்.